அம்மிக்கல்லுக்கு இன்னும் ஓர் இளைப்பாறல்

1

இந்தக் கதை கலைத்தாகத்தில் பிறக்கவில்லை. ஒரு ஃப்ளாட் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

விழிஞ்ஞம் பக்கம், துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற பால்கனியோடு, ஒன்பதாம் மாடியில் எனக்கொரு வீடு இருக்கிறது. கட்டடம் ஆறாம் மாடியோடு நிற்கிறது. அதனால் நான்கு வருடமாக என் வீடு காற்றில் இருக்கிறது. கட்டுகிற கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரமாகிவிடும்.

அந்தக் கம்பெனியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் பொன்செல்வி. முப்பத்தோரு வயது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து மலையிறங்கி வந்தவள். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் ஃபைலோடு அவள் முன்னால் போய் நிற்பேன்.

"எம்.டி. இருக்காரா?"

"மீட்டிங்கில இருக்காரு சார்."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சதும் சொல்லுதேன் சார். உக்காருங்க. தண்ணி குடிக்கியளா?"

நான் கத்துவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கத்தி முடித்ததும் தண்ணீர் வரும். தொண்டை எப்போது வறளும் என்று அவளுக்குக் கணக்கு உண்டு.

ஒருநாள் மேஜைக்கடியில் அவள் செல்போனில் ஏதோ விளையாட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டேன். ஆமையும் அம்மிக்கல்லும் கலந்து பிறந்ததுபோல ஒரு ஜந்து. மேலே சிறகடிக்கிற ஏதோ ஒன்று அதன்மேல் நெருப்பைக் கக்கியது. ஜந்து கண்ணை மூடித் திறந்தது. மறுபடியும் நெருப்பு.

"என்னம்மா இது, வாங்கிக்கட்டிக்கிட்டே இருக்கு?"

"அது அப்படித்தான் சார். அடிக்கவனுக்குக் கை சோர்ந்துபோவும். நாம இருந்தாப் போதும்."

(இந்த இடத்தில் 'அவளும் ஒரு சுவர்தான்' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். பரிசுக் கமிட்டிகளுக்குப் பிடிக்கும் வாக்கியம். அடித்துவிட்டேன். அடித்ததை உங்களிடம் காட்டுகிறேன் என்றால் விட மனசில்லை என்று அர்த்தம்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அரபிக்கடலின் மேல் மாலைச் சூரியன் ஒரு பழுத்த...

வேண்டாம். கதை நடந்தது ஏ.சி. ஹாலில். அதற்கு ஜன்னலே கிடையாது.

வாழ்க்கை ஒரு போர்க்களமென்றால், தற்காப்பு என்பது...

இதை சத்தியதாஸ் மேடையில் ஏற்கெனவே பேசிவிட்டார். யார் அவர் என்று பிறகு வரும்.

பொன்செல்விக்குக் காய்ச்சல் இல்லை.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பொன்செல்விக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு 'ஃபீவர் சார், நூத்திரண்டு' என்று ஆபீஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். நான் வழக்கம்போல ஃபோன் செய்தபோது வேறொரு பெண் எடுத்து, "பொன்செல்விக்குப் பனி சார்" என்றாள். இந்த ஊர் மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சொல்லும்போதே கொஞ்சம் குளிரெடுக்கும்.

நான்கு வருடத்தில் அவள் எடுத்த முதல் சனிக்கிழமை லீவு அது. ஃப்ளாட்காரர்கள் சனிக்கிழமைதான் படையெடுப்பார்கள் என்பதால் அன்றைக்கு லீவு கேட்டாலும் கிடைக்காது. பொய் சொல்லி எடுத்தால் வேலையே போகும். போன மாதம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அந்தக் கம்பெனியில் பொய் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு.

அப்படியும் சொன்னாள். காரணம், மாவட்ட அளவிலான ஜந்துப் போர்ப் போட்டியின் இறுதிச் சுற்று. ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடி, செல்போனிலேயே முந்நூறு பேரைச் சோர வைத்து அதுவரை வந்திருந்தாள். வாழ்க்கையில் அவள் ஓர் இறுதிக்கு வருவது இதுவே முதல் தடவை.

[இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி அவள் சொன்னது. மீதி, நான்கு வருடமாக ஒரு குரலிடம் திட்டு வாங்காமல் திட்டிக்கொண்டே இருந்தால் தானாகத் தெரிந்துவிடும்.]

3

விளையாட்டு சுலபம். ஆளுக்கு மூன்று ஜந்து. முறை வைத்து ஆடவேண்டும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம் யோசிக்கலாம். எல்லா ஜந்தும் விழுந்தவர் தோற்றார்.

பொன்செல்வியிடம் மிஞ்சியது அம்மிக்கல். பெயர் அவள் வைத்தது. அதற்கு மூன்று வித்தை. ஓட்டுக்குள் ஒடுங்கினால் அடி பாதியாகும். இளைப்பாறினால் போன உயிரில் பாதி திரும்பும். ஆனால் இளைப்பாறல் மொத்தம் முப்பத்திரண்டு தடவைதான். மூன்றாவது, விஷம். ஒருமுறை தெளித்துவிட்டால் போதும், எதிராளி தானாகத் தேய்ந்து விழுவான்.

எதிரே கரமனை அக்ரஹாரத்து கேசவ். இருபத்திரண்டு வயது. தன்னிடம் மிஞ்சிய ஒரே ஜந்தான நெருப்புப் பறவைக்கு 'தாண்டவம்' என்று பெயர் வைத்திருந்தான். இணையத்தில் அவன் அடிப்பதைப் பார்க்க ஆயிரம் பேர். அன்றைக்கும் நேரலை. மொத்த ஆட்டத்துக்கு நேர வரம்பு வேண்டாமென்று ஏற்பாட்டாளன் லிஜோ எடுத்துவிட்டிருந்தான். "ஃபைனல் அல்லே, ஒரு கெத்து வேண்டாமா?" கெத்துக்கு அவன் கொடுத்த விலை இனிமேல் தெரியும்.

நாலரை மணிக்கு விஷம் தெளிக்க வேண்டிய முறை வந்தது. பொன்செல்வி விரலை வைத்துவிட்டாள். அப்போதுதான் மைக் அலறியது.

"நம்முடைய தலைமை விருந்தினர், இந்தப் போட்டியின் புரவலர், திரு. சத்தியதாஸ் அவர்கள்!"

சத்தியதாஸ் அவளுடைய எம்.டி.

பொன்செல்வி விரலை எடுத்தாள். ஒடுங்கினாள்.

4

இங்கே கொஞ்சம் நிற்போம். அவளும் நிற்கிறாள், அவசரமில்லை.

சத்தியதாஸுக்குப் பொன்செல்வியின் முகம் சரியாகத் தெரியாது. ஃப்ளாட்காரர்களுக்குப் பயந்து பின்வாசல் லிஃப்டில் ஏறி இறங்குகிறவர். அவருக்கு அவள் ஒரு இன்டர்காம் குரல். 'பொன்செல்வி, நான் இல்லேன்னு சொல்லிரு' என்பார். 'சரி சார்' என்று அந்தக் குரல் சொல்லும். குரலும் பெயரும்தான் பழக்கம்.

பரிசளிப்பில் இரண்டுமே வெளியே வரும். பெயரைக் கூப்பிடுவார்கள். மைக்கை நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். ஜெயித்தால் முதல் பரிசு அவர் கையால். தோற்றால் இரண்டாம் பரிசு, அதுவும் அவர் கையால். ஜெயித்தாலும் தோற்றாலும் வேலை போகும். ஆட்டம் முடியாமல் இருக்கிற வரைக்கும்தான் அவளுக்குத் திங்கட்கிழமை உண்டு.

அவர் போய்விட்டால் பிழைத்தாள். பரிசை லிஜோவே கொடுத்துவிடுவான். அவருக்காக வந்த டிவி கேமராவும் அவர் பின்னாலேயே போய்விடும். ஆகவே பொன்செல்வி கேசவை விட்டுவிட்டு சத்தியதாஸோடு ஆட ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறைக்கும் ஐம்பத்தொன்பது விநாடி எடுத்துக்கொண்டாள். ஒடுங்கல். இளைப்பாறல். ஒடுங்கல். மனிதருக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும்? அரைமணி நேரம்?

அங்கேதான் கணக்குத் தப்பியது. நானூறு குடும்பங்களை 'அடுத்த ஓணத்துக்குச் சாவி' என்று நான்கு ஓணம் உட்காரவைத்த மனிதர் அவர். இந்த ஊரின் மிகப் பெரிய தற்காப்பு ஆட்டக்காரர். கேமரா வேறு அவர் பக்கம் திரும்பியிருந்தது. காலை மடித்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார். நடுவில் மைக்கை வாங்கிப் பேசவும் செய்தார்.

"வாழ்க்கை ஒரு யுத்தம். அட்டாக் வேணும். ஒளிஞ்சு நின்னு ஜெயிச்சவன் சரித்திரத்தில உண்டா? இல்ல!"

ஒளிந்து நிற்பதில் அவருக்குள்ள அனுபவத்துக்கு நான் கைதட்டினேன். நானும் அங்கேதான் இருந்தேன். கடைசி வரிசையில், ஃபைலோடு. காலைப் பேப்பரில் விளம்பரம் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். (பொன்செல்வியின் ஹாஸ்டலில் பேப்பர் வாங்குவதில்லை.) சத்தியதாஸ் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருப்பார் என்று அச்சில் வந்தது நான்கு வருடத்தில் அதுவே முதல் முறை. சமயம் பார்த்து எழுந்து கேட்டுவிடுவதென்று...

[அடுத்த பகுதியில் நான் கேட்காமல் போவதைப் பார்ப்பீர்கள்.]

5

ஐந்தேகாலுக்கு சபை கொட்டாவி விட்டது. கேசவின் நேரலையில் ஆயிரம் பேர் நாற்பதாகியிருந்தார்கள். அந்த நாற்பதிலும் பாதிப் பேர் தூங்கிவிட்டவர்களாக இருக்கவேண்டும்.

"அக்கா," என்றான் கேசவ், மேஜைக்கு மேலே எட்டிப் பார்த்து. "விஷம் வச்சிண்டிருக்கேளே, தெளிச்சுத் தொலையுங்கோளேன். தோத்துட்டு ஆத்துக்குப் போறேன். அம்மா அடைக்கு அரைச்சு வச்சிண்டு உக்காந்திருக்கா."

பொன்செல்வி முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

லிஜோ குனிந்தபடி ஓடிவந்தான். "சேச்சி, ஒண்ணு தீர்த்துவிடு, ப்ளீஸ். ஆறு மணிக்கு இந்த ஹால்ல கல்யாண ரிசப்ஷன். பிரியாணிச் செம்பு, அண்டா அண்டாவா வாசல்ல வந்தாச்சு."

அதற்கும் தலையாட்டல். அம்மிக்கல் இளைப்பாறியது. முப்பத்திரண்டில் இருபத்தெட்டு போயிற்று.

உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்ததோ என்னவோ, சத்தியதாஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கேமரா பின்னால் வந்தது. பொன்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருடைய அத்தர் வாசனை அவளுக்கு முன்னால் போய் ஸ்கிரீனைத் தொட்டது.

"மோளே, நீ அடிக்கவே இல்லியே. பேரென்னா?"

அவள் திரும்பவில்லை. ஸ்கிரீனில் ஜந்தின் தலைக்கு மேலிருந்த எழுத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"அம்மிக்கல்லா!" அவர் சபையைப் பார்த்துச் சிரித்தார். சபை கடமைக்குச் சிரித்தது. "பேசவும் மாட்டா போல. நல்லது. எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, பேசியே ஆளைக் கொல்லுவா. இன்னைக்குப் பனி, லீவு. பாவம், நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது."

பொன்செல்வியின் கழுத்தில் வேர்த்தது. ஏ.சி. பதினெட்டில் இருந்தது. நான்கு வருடமாக அவருக்காக ஒரு நாளைக்கு நாற்பது பொய் சொல்கிறவள். சொந்தத் தேவைக்கு ஒன்றே ஒன்று சொன்னாள், அது இவ்வளவு கனமாக இருக்கிறது. அவளுக்குத் தூக்கம் வந்தது. பயத்தில் வருகிற தூக்கம். ஒடுங்கினாள்.

மேடைக்குத் திரும்புகிற வழியில் சத்தியதாஸ் என்னைப் பார்த்துவிட்டார். மடியில் இருந்த ஃபைலையும் பார்த்தார். ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிய அன்றைக்கு என் புத்தகம் ஒன்றை அவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன். நான் பாதி எழுந்திருந்தேன். வாய் திறந்திருந்தது.

"அடடே!" என்றார் மைக்கில். "நம்ம நடுவில ஒரு எழுத்தாளரும் உண்டு! தமிழுக்குச் சேவை செய்யிறவர்! லிஜோ, அந்தப் பொன்னாடையைக் கொண்டா."

போர்த்தினார். கைதட்டினார்கள். ஜரிகை கழுத்தில் குத்தியது. பொன்னாடையோடு ஒருவன் 'என் ஃப்ளாட் எங்கே' என்று கேட்க முடியுமா? 'நன்றி' என்றேன். உட்கார்ந்தேன். விஷத்துக்கும் ஒடுங்கலுக்கும் மேலே நாலாவதாக ஒரு வித்தை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

6

முடிவுகள். மூன்று யோசித்தேன்.

முதல் முடிவு: பொன்செல்வி விஷம் தெளித்து ஜெயிக்கிறாள். மேடையேறி மைக்கை வாங்குகிறாள். தன் ஆபீஸ் குரலில், நிறுத்தி நிதானமாக, 'எம்.டி. மீட்டிங்கில இருக்காரு சார்' என்கிறாள். ஹால் அதிர்கிறது.

எனக்கு இதுதான் பிடித்தது. எழுதும்போது எழுந்து நடந்தேன். பிறகு யோசித்தால், அதிர்ந்தது என் வயிற்றெரிச்சல். ஹால் பிரியாணிக்குப் போய்விடும், நான் கதையை அனுப்பிவிடுவேன், திங்கட்கிழமை அவள் மட்டும் போனக்காட்டு பஸ்ஸில் பையோடு உட்கார்ந்திருப்பாள். அம்மா மாடம்மாள் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காமல் சோறு போடுவது அதைவிட மோசம்.

இரண்டாவது முடிவு: அவள் தோற்கிறாள். சத்தியதாஸ் மனமிரங்கி மன்னிக்...

இந்த வாக்கியத்தை முடிக்க என் பேனாவுக்கே கூச்சம்.

மூன்றாவது: கரண்ட் போகிறது. (மின்வாரியத்தை நம்பி கதையை முடிக்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. கிட்டத்தில் இருக்கிறேன்.)

7

அதனால் உண்மையில் எதுவரை நடந்ததோ அதுவரை சொல்கிறேன்.

ஐந்து முப்பத்திரண்டு. இளைப்பாறல் முப்பத்தொன்று முடிந்தது. மிச்சம் ஒன்று. தாண்டவம் அதன்பின் இரண்டு முறை அடித்துவிட்டது. அம்மிக்கல்லுக்கு நூலளவு உயிர். இந்த முறை இளைப்பாறினால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் தாங்கும். அதற்குமேல் விழும், அல்லது விஷம் தெளித்து ஜெயிக்கும். இரண்டில் எதுவானாலும் மைக்.

அப்போது பொன்செல்வி ஸ்கிரீனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என்னிடம் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். பொன்னாடையைப் பார்த்தாள். அதற்கடியில் துருத்திக்கொண்டிருந்த ஃபைலைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். திரும்பவும் என்னை.

எனக்குப் புரிந்தது. சத்தியதாஸுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. படிக்கட்டில் ஃப்ளாட்காரன் காலடி கேட்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு 'ஹலோ, ஹலோ' என்று பின்வாசலுக்கு நடந்துவிடுவார். இங்கேயும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. யாராவது ஒருவன், கேமராவுக்கு முன்னால், அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டால் போதும். அவர் போவார், அவளுக்குத் திங்கட்கிழமை மிஞ்சும்.

நான்கு வருடமாக நான் கேட்டதும், நான்கு வருடமாக அவள் நடுவில் நின்று வாங்கிக்கொண்டதுமான அதே கேள்வி. இப்போது கேளுங்கள் சார் என்கிறாள். மாதாமாதம் என்மேல் கத்தினீர்களே, அதில் ஒரு பங்கு அவர்மேல்.

நான் ஃபைலைக் கையிலெடுத்தேன். எழுந்து...

இந்த வாக்கியம் என் மேஜையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. 'எழுந்து நின்று முழங்கினேன்' என்று எழுதினால் பொய். 'எழுந்து டாய்லெட்டுக்குப் போனேன்' என்று எழுத, அது உண்மையோ பொய்யோ, கை வரவில்லை. வரவேற்பு மேஜையில் இருப்பவர்களிடம் நான் சிங்கம். மேடையில் இருப்பவர்களிடம் எனக்குப் பொன்னாடை வழுக்கிவிடக் கூடாதே என்ற கவலை வந்துவிடும். இதுவரை படித்ததில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே ஃபைலை உங்களிடம் தருகிறேன். பிடியுங்கள். கனமாக இருக்கும், நான்கு வருடத்துக் கடிதங்கள். கடைசி வரிசை, வாசலை ஒட்டிய நாற்காலி. கேமரா இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கேள்வி சின்னது: 'சார், எங்க வீடு எப்போ?' தமிழில் கேட்டாலும் சரி, மலையாளத்தில் கேட்டாலும் சரி, அவருக்கு இரண்டும் புரியும்.

சீக்கிரம். கடிகாரத்தில் பதினேழு விநாடி இருக்கிறது. அவள் இன்னும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.