பதினைந்து வயது அத்தை

கல்லூரியில் ‘மெஹெகிதங்கா’ என்ற சொல்லின் வேரைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். அப்பாவோடு பிறந்தவள், அதாவது அத்தை. அந்தச் சொல் எந்தத் தீவில் படகேறி டோங்காவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. பொருள் மட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தது: பெயர் லோசா, வயது பதினைந்து, வேலை உத்தரவு போடுவது.

அண்ணன் செமிசிக்குப் போன வாரம் மகன் பிறந்தான். பெயர் வைக்கும் உரிமை அத்தைக்குத்தான். எங்களுக்கு இருப்பது ஒரே தங்கை, லோசா. அண்ணி நைதேக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்க ஆசை. மோசேசே, போன வருடம் மீன் பிடிக்கப் போய்ப் படகோடு காணாமல் போனவர். ஆனால் வாய்விட்டுக் கேட்க அண்ணிக்கு இடமில்லை. நாங்கள் சொல்லலாமென்றால், தங்கை இருக்கும் அறையில் அண்ணன்மார் உட்காருவதே மரியாதையில்லை. பிள்ளையின் தகப்பன் ஈரப்பலா மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாக ஒட்டுக்கேட்கலாம். இருவரும் கேட்டோம்.

“ரக்பிக்காரன் பேரு எதையாவது வெச்சுருவாளோ?” என்றான் அண்ணன்.

“பன்னிக்குட்டிக்கே மந்திரின்னு வெச்சவ,” என்றேன், ஆறுதலாக.

உள்ளே பாய் நிறைய உறவுப் பெண்கள். நடுவில் லோசா.

“அண்ணி, காலையில இவன் அழுதப்ப என்ன பேரு சொல்லித் தட்டிக் குடுத்தே?”

எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. அத்தை சொல்லும் முன் பிள்ளைக்குப் பெயர் சொல்வது, அத்தையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதைவிட மோசம். அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“தப்புதாங்க,” என்றாள் நைதே. “தானா வாயில வந்துருச்சு. இனிமே சொல்ல மாட்டேன்.”

“என்ன பேருன்னுதான கேட்டேன்?”

“மோசேசே.”

“அழுகை நின்னுச்சா?”

“நின்னுச்சுங்க.”

“வந்தவளே பேரு வைக்கிற காலமாயிருச்சா?” என்றாள் பெரியம்மா ஒருத்தி.

“நான்தான் வெச்சேன், பெரியம்மா,” என்றாள் லோசா. “முந்தாநாளே அண்ணி காதுல சொல்லிட்டேன். பிள்ளை பெத்த களைப்புல அவளுக்கு மறந்துபோச்சு. இவன் பேரு மோசேசே. இவனுக்கு வேற அத்தை யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்.”

யாரும் இல்லை.

“மோசேசே,” என்று நைதே எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டாள். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்தான். உள்ளே போய் நன்றி சொல்ல வழியில்லை. தான் மூட்டிய குழியடுப்பிலிருந்து, சேம்பிலையில் சுற்றி வெந்த கறிப் பொட்டலங்களில் பெரியதாக ஒன்றை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குள் நீட்டினான்.

லோசா பிரித்து ஒரு வாய் தின்றாள்.

“அண்ணி, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு,” என்றாள், “தேங்காய்ப்பால் கம்மின்னு.”