சிங்காரம் பெயரில் இருந்த ஃபோல்டர்

சிதம்பரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை அறையில், ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை முற்பகலில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியை கல்யாணசுந்தரி. கம்ப்யூட்டர் ஆசிரியை ஜான்சி. கணக்கு ஆசிரியர் நடராஜ். அவரைப் போலவே மேல்வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் சுவேதா. மகளுக்குத் துணையாக வந்த சுவேதாவின் தகப்பனார் சிங்காரம். ஆறாவதாக ஒருவரும் இல்லை. தேநீர் கொண்டுவந்த பக்கிரி தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சிங்காரம் நாற்காலியில் சாயவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தில் பேனா பிடித்து உத்தியோகம் பார்த்த முதல் ஆள். எத்தனையோ பேர் கைகட்டி நின்றதைப் பார்த்தவருக்கு, இன்று தன் மகள் ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்படி ஆனது நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது.

விஷயம் இதுதான். இணையத்தில் வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்று இருக்கிறது. சமன்பாட்டைத் தட்டினால் கோடு வளைந்து வரும். எண்ணை விரலால் நகர்த்தினால் வளைவும் கூடவே நெளியும். போட்டதைச் சேமித்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைக்கலாம். லிங்க் அனுப்பினால் அடுத்தவர் திறந்து பார்க்கலாம். வேண்டுமென்றால் தன் பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். சுவேதா இரண்டு வருஷமாக அதில் நாற்பத்திரண்டு பாடங்கள் செய்திருந்தாள். உப்பனாற்றில் கம்பு நட்டு, மணிக்கு ஒரு தரம் தண்ணீர் ஏறி இறங்குவதை அளந்து ஒரு அலைக்கோடு போட்டாள். அன்று கரையில் குடை பிடித்து உட்கார்ந்து எண்களை எழுதிக்கொடுத்தவர் சிங்காரம்தான்.

போன மாதம் கடலூரில் ஆசிரியர்களுக்கான கண்காட்சி நடந்தது. நடராஜ் நாற்பத்திரண்டு வரைபடங்களைத் தன் பெயரில் வைத்தார். மாநில அளவுக்குத் தேர்வானார். சுவேதா அவை தன்னுடையவை என்று எழுதிக் கொடுத்தாள். பொய்ப் புகார் என்று நடராஜும் எழுதிக் கொடுத்தார்.

"நடராஜ் சார், நீங்க சொல்லுங்க" என்றார் கல்யாணசுந்தரி.

"மேடம், என் அக்கவுண்ட்ல நாப்பத்திரெண்டும் இருக்கு. தேதியோட இருக்கு. அவுங்க அக்கவுண்ட்டத் தொறந்து ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லுங்க. நான் இப்பவே மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன்."

"நான் உங்களுக்கு லிங்க் அனுப்பனேன் சார். ஏப்ரல்ல. வாட்ஸப்ல இருக்கு."

"இருக்கும்மா. தட்டிப் பாரு. என்னா வருது?"

சுவேதா தட்டவில்லை. அவளுக்குத் தெரியும். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வரும். ஜூன் மாத நடுவில் பள்ளி திறந்தபோதே அந்த ஃபோல்டர் காணாமல் போயிருந்தது. தானே ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்து, மாதக்கணக்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தாள்.

ஜான்சி சுவேதாவின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அக்கவுண்ட் சிங்காரம்னு இருக்கே?"

"அப்பா பேரு மேம்."

"பாத்தீங்களா மேடம்?" நடராஜ் சிரித்தார். "அக்கவுண்ட் கூட அவுங்க பேர்ல இல்ல. சிங்காரம் சார் எப்போ ட்வெல்த் மேத்ஸ் எடுத்தாரு?"

சிங்காரத்தின் காது சிவந்தது. அந்த வீட்டில் எல்லாமே அவர் பெயரில்தான். மின் இணைப்பு அவர் பெயரில், கேஸ் அவர் பெயரில், மூன்று செல்போன் சிம்மும் அவர் பெயரில். சுவேதா வேலையில் சேர்ந்தபோது தனக்கென்று ஒரு மின்னஞ்சல் வேண்டும் என்றாள். வீட்டில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு, வயசுப் பெண்ணுக்குத் தனியாக ஒரு தபால்பெட்டி என்னத்துக்கு என்று அவர்தான் தன்னுடையதையே கொடுத்தார். பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும்.

"அழிச்சது மே பதினாலு" என்றாள் ஜான்சி, திரையைப் பார்த்தபடி. "குப்பையில முப்பது நாள்தான் வச்சிருப்பாங்க. அதுவும் முடிஞ்சிபோச்சு. இந்த அக்கவுண்ட்லேர்ந்துதான் மேடம் அழிச்சிருக்காங்க. வெளியாளு இல்ல."

"அதான் மேடம் நானும் சொல்றேன். என்னோடத காப்பி எடுத்து வச்சிக்கினு, தேதி மாட்டிவிட்டுடும்னு அவுங்களே அழிச்சிட்டாங்க. நான் காட்டறத அவுங்க காட்ட முடியல. வேற என்னா வேணும்?"

கல்யாணசுந்தரி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷி இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சுவேதா, இந்தப் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கு மட்டும்தான் மேடம்."

நான்கு முகங்களும் சிங்காரத்தின் பக்கம் திரும்பின.

மே பதினாலு. சுவேதா மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கூடத்து மேசைமேல் மடிக்கணினி திறந்து கிடந்தது. மின் கட்டண ரசீதைத் தேடி உட்கார்ந்தவர் கண்ணில் அந்தக் கால்குலேட்டர் பட்டது. வகுப்பு வகுப்பாக மாணவர்கள் போட்ட பயிற்சிகளின் ஃபோல்டர்கள். அவற்றுக்குக் கீழே ஆள் பெயரிலும் இரண்டு ஃபோல்டர்கள். யாருக்கு அனுப்புகிறாளோ அவர் பெயரைப் போட்டு வைப்பது அவள் பழக்கம் என்று அவருக்குத் தெரியாது. ஒன்று 'ஜான்சி'. இன்னொன்று 'நடராஜ்'. அவள் செய்த நாற்பத்திரண்டு பாடங்களும் அதற்குள்தான் இருந்தன.

அந்தப் பெயரை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். சாயங்காலங்களில் போன் வரும். மகள் மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவாள்; மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். ஃபோல்டரைத் திறந்தார். கோடுகள், வட்டங்கள், கட்டங்கள். கடைசியில் ஒன்றைத் தொட்டதும் திரை முழுக்க ரத்தச் சிவப்பில் ஓர் இதயம் எழும்பியது. அதன் அருகில் மகள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'மெதுவாக நகர்த்துங்கள், முழுமையாகும்.'

சமையலறையில் மனைவி தைலம்மாள் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. மகளிடம் கேட்கலாம் என்றும் தோன்றவில்லை. கேட்டுவிட்டால் அது வாய்க்கு வந்துவிடும். வாய்க்கு வந்தது வாசலைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? நாற்பத்திரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினார். மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"சார்" என்றார் கல்யாணசுந்தரி. "நீங்க தெரியாம ஏதாச்சும் அழுத்திட்டீங்களா? அப்படி இருந்தா சொல்லிடுங்க. சுவேதா பேச்சுக்கு அதுவே போதும்."

போதும்தான். அவருக்கும் அது தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் தெரியாமல் அழுத்தினேன் என்றால் அது பொய்சாட்சி. தெரிந்தே அழித்தேன் என்றால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். பெற்ற மகளைச் சந்தேகப்பட்டேன், அதுவும் இதோ உட்கார்ந்திருக்கிற இந்த ஆளோடு சேர்த்துச் சந்தேகப்பட்டேன் என்று அந்த ஆளின் முகத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். நாளைக்கு அதை வைத்து அவன் என்னவெல்லாம் பேச மாட்டான்! பொய்சாட்சிக்குக் கூசிய நாக்கு, கடைசியில் பொய்யைத்தான் சொன்னது.

"எனக்கு அதெல்லாம் தொறக்கவே தெரியாதுங்க."

சுவேதா திரும்பி அவரைப் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் அந்த மடிக்கணினியில் உட்கார்ந்து ரயில் டிக்கெட்டும் ஓய்வூதியக் கடிதமும் பார்க்கிறவர் அவர். பார்த்தவள் பார்வையை எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக அவளுக்குள் சேர்ந்து வருவது சிங்காரத்துக்குத் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"மேடம், ஒரு வெள்ளைத் தாள் கெடைக்குமா?"

"எதுக்கும்மா? அவசரப்படாத. நான் ஒண்ணும் முடிவு சொல்லல."

"பரவால்ல மேடம். நான் நின்னுக்கறேன்."

நான்கே வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். சொந்தக் காரணம் என்று போட்டிருந்தாள். நடராஜ் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "என்னமோ போங்க, எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல" என்றார்.

கடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடியே சுவேதா கேட்டாள்.

"நீங்கதானப்பா?"

"ஃபோல்டர்ல அவன் பேரு இருந்துது."

"அவருக்கு அனுப்பனா அவரு பேருதான் இருக்கும். ஜான்சி மேம் பேரும் இருந்துது. அத ஏன் வுட்டீங்க?"

"அவனோடதுல ஹார்ட்டு வரஞ்சி வச்சிருந்த."

அவள் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்குவதைவிட அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அது கார்டியாய்டுப்பா. கணக்கு. ஒரு வட்டத்து மேல அதே அளவு இன்னொரு வட்டத்த உருட்டனா வர்ற கோடு. பன்னெண்டாவது பசங்களுக்கு ஆசையா இருக்கட்டும்னு செவப்பு கலர் குடுத்தேன். ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா இல்லன்னுவ."

"இல்லன்னா இல்லதானப்பா."

ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. இருவருக்கும் நடுவில் யாருடைய பையோ வந்து நின்றது. அது நகர்ந்த பிறகு சிங்காரம் மெல்லக் கேட்டார்.

"அங்க நான் சொல்லல. நீயாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"அவுங்க முன்னாடி உங்களப் பொய்யருன்னு எப்படிப்பா சொல்றது?"



இரண்டு வாரம் கழித்து சிங்காரம் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தேதி, நேரம், செய்த காரியம், செய்த காரணம் எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் எழுதுகிற மாதிரி எண் போட்டு, கீழே கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே கடினமான எழுத்து அது. கல்யாணசுந்தரி போனில் கூப்பிட்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கண்காட்சிக்காரங்ககிட்ட பேசியிருப்பேன் சார். இப்ப மாநிலக் கண்காட்சியே முடிஞ்சிபோச்சு. சுவேதா எடத்துக்கு வேற ஆளும் போட்டாச்சு. இத வச்சிக்கினு நான் என்னா பண்றது?" என்றார். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் சிங்காரம். சரி என்றார் அந்த அம்மாள்.

சுவேதா செப்டம்பரில் புவனகிரிக்குப் போனாள். அங்கே ஒரு டியூஷன் சென்டரில் வேலை, மேல்மாடியில் ஒரு அறை. வரைபடங்களை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தைலம்மாள் சொல்லித்தான் சிங்காரத்துக்குத் தெரியும். தைலம்மாளும் இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். உப்பனாற்று அலைக்கோட்டுக்கு அன்று எழுதிய எண்கள் வேண்டுமா என்று அவர் மனைவி மூலமாகக் கேட்டுவிட்டார். வேண்டாம், புதிதாக அளந்துகொள்கிறேன் என்று பதில் வந்தது.

மஞ்சக்குப்பத்தில் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் ஒன்று பேசிக்கொள்கிறார்கள். சிங்காரத்தின் மகள் கூட வேலை பார்த்த நடராஜோடு போய்விட்டாள், அதனால்தான் தகப்பன் தலை குனிந்து நடக்கிறான் என்கிறார்கள். அது பொய். நடராஜ் சிதம்பரத்தில் அதே பள்ளியில், அதே வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சுவேதா யாரோடும் போகவில்லை. தனியாகத்தான் போனாள்.