அறுபத்தொன்பது ஜி.பி. களவு

பிளாக்வாழ் பெருமக்கள் அனைவரின் மேலான கவனத்திற்கு: மன்றத்திற்கென வாங்கிய ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் அறுபத்தொன்பது ஜி.பி. களவு போயுள்ளது. வாங்கி வந்தவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மணிமொழி. விசாரணை நடைபெறுகிறது. இங்ஙனம், செயலாளர் குஞ்சிதபாதம். நகல்: கான்ட்ராக்டர்.

2014 ஆடி மாதத்தில் ஒரு காலை, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குடியிருப்போர் மன்றத்தின் பலகையில் இந்த அறிவிப்பு ஏறியது. எழுதியவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மைன்ஸ் எடைமேடையில் இருபத்தெட்டு வருஷம் பெர்மனென்ட்டாக உட்கார்ந்தவர் குஞ்சிதபாதம். லாரி டயரைப் பார்த்தே உள்ளே எத்தனை டன் கரி என்று சொல்லிவிடுவாராம், அவரேதான் சொல்லிக்கொள்வார். அவர் கண்ணிலா மண்ணைத் தூவுவது? ஒரு டி.பி. என்றால் ஆயிரம் ஜி.பி. கம்ப்யூட்டரோ 931 என்கிறது. மீதி எங்கே?

மணிமொழி கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் பெண். மன்றத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் மாதாமாதம் தலையாட்டினால்தான் வேலை. கம்பெனி ஜி.பி.யை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது, இடம் என்னவோ ஒன்றுதான் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஈரக் கரி வெயில்ல காஞ்சா எடை கொறையும்மா, ஒத்துக்கறேன். இரும்புப் பொட்டியில ஏது ஈரம்?" என்று கேட்டு வாயை அடைத்தார் குஞ்சிதபாதம்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கையோடு அவளைப் பஜாருக்கு அழைத்துப் போய், டிஸ்க் விற்ற சுல்தான் கடையில் நிறுத்தினார். அங்கிருந்தவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். சுல்தான் சீல் உடைக்காத புதுப் பெட்டி ஒன்றை எல்லார் முன்னாலும் பிரித்துச் செருகினார். 931. வேறு கம்பெனிப் பெட்டியைப் பிரித்தார். அதுவும் 931. குஞ்சிதபாதம் விடவில்லை; பக்கத்து மளிகைத் தராசில் மூன்றையும் எடைபோடலாமா என்று கேட்டார். கடையே சிரித்தது.

"பொட்டிக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கான் சார். கண்ணாடி போட்டுக்கினு படிங்க," என்றார் சுல்தான்.

படித்தார். ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்றிருந்தது. அதையே கம்ப்யூட்டர் நூற்றேழு கோடிக்கு மேல் இருந்தால்தான் ஒன்று என்று எண்ணுமாம். அவள் சொன்னதேதான்.

"ஒரே பொருளுக்கு ரெண்டு அளவா? அயோக்கியத்தனமில்ல இது?" என்று கம்பெனி மேல் பாய்ந்தார்.

மணிமொழி அவர் பக்கம் திரும்பினாள். "இத நம்ம பொருளாளர் சார் வாங்கினு வந்திருந்தா நோட்டீஸ் ஒட்டியிருப்பீங்களா சார்? பொருளுக்கு ரெண்டு அளவு வெச்சவன் பொடி எழுத்துலயாவது போட்டுட்டான். பெர்மனென்ட்டுக்கு ஒண்ணு, கான்ட்ராக்டுக்கு ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு அளவு வெச்சிருக்கீங்களே, அத எங்க போட்டிருக்கீங்க?"

குஞ்சிதபாதத்துக்கு முகம் சுண்டிப்போனது. மன்றத்துக்குத் திரும்பியதும் நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார். ஒருவரைத் திருடர் என்று எழுதுமுன் தன் அளவுகோல் சரியா என்று பார்ப்பதே யோக்கியனுக்கு அழகு என்று, மன்னிப்போடு சேர்த்துப் புது நோட்டீஸ் எழுதினார். இதற்கும் மறக்காமல் சாயங்காலமே கான்ட்ராக்டருக்கு ஒரு நகல் கொண்டுபோனார்.

முதல் நகலைப் பார்த்த கான்ட்ராக்டர் மணிமொழியை மத்தியானமே வேலையை விட்டு எடுத்திருந்தார்.