நாற்காலியை விட்டு எழுந்தவர்

நகராட்சி நோட்டீஸ் போர்டில் பெயரைப் பார்த்த அன்றிலிருந்து தையல்காரிக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. பட்டியலில் இருந்தது அவள் வீட்டுக்காரர் பெயர். உடம்புக்கு முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையை வாங்குகிறவர்கள் வரிசையில் நாற்பத்தொன்றாவது. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'இவர்களுள் தகுதியற்றவர் எவரேனும் இருப்பின் பொது விசாரணையின்போது பொதுமக்கள் நேரில் தெரிவிக்கலாம்.' தெரிவிக்கலாமாம்! திருடனைப் பிடித்துக் கொடுங்கள் என்று ஒட்டுகிற நோட்டீசுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவில் அவருக்கு 'ரைட்டு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஒருநாள் டிரைவர் போட்ட திடீர் பிரேக்கில் படிக்கட்டுக் கம்பியில் போய் முதுகு அடித்தது. அத்தோடு முதுகெலும்பு போயிற்று, விசிலும் போயிற்று. இப்போது நல்ல நாளில் கம்பை ஊன்றிக் கட்டிலிலிருந்து குளியலறைக்கும் ஜன்னலுக்கும் போவார். கெட்ட நாளில் புரண்டு படுக்கவே அவள் கைகொடுக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நல்ல நாளில் மட்டும்தான் மனுஷன் ஜன்னலுக்கு வருவார். தெரு பார்ப்பது அந்த ரைட்டை மட்டும்தான். மற்ற நாட்களில் உள்ளே கிடப்பவரை யார் கண்டது?

தொகையை விடுங்கள், அது வருகிறது, போகிறது. அதோடு சேர்ந்து வரும் ஆஸ்பத்திரி அட்டைதான் அவளுக்கு உயிர். அந்த அட்டையைக் காட்டினால் மாதம் ஒரு ஊசி போடுவார்கள். போட்டால் வலி அடங்கும். போன வருடம் எவனோ ஒரு குமாஸ்தா ஃபைலைத் தப்பான கட்டுக்குள் சொருகிவிட்டு லீவில் போய்விட்டான். ஒரு மாதம் ஊசி இல்லை. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு மனுஷன் கிடந்த கிடையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடும்மா" என்று அழுதார். எங்கே கொண்டுபோய் விடுவது? ஒரு மாதத்துக்கே அப்படி. அட்டையே ரத்தானால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் மிஷினை மிதிக்கும் அவள் கால் தானாக நின்றுவிடும்.

ஊரெல்லாம் இதே பேச்சு. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள், டேப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போதும் இதைத்தான் பேசினார்கள்.

"நாம உழைச்சுக் கட்டற வரி, இவங்க உட்கார்ந்து சாப்பிடவா? அரசாங்கம் என்ன சத்திரமா நடத்துது?" என்பாள் ஒருத்தி.

"முடியாதவங்களைப் பார்த்துக்கலைன்னா அப்புறம் எதுக்குங்க ஒரு அரசாங்கம்? கொடி ஏத்தறதுக்கா?" என்பாள் அடுத்தவள்.

தையல்காரி வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ரெண்டு பேருக்கும் தலையாட்டினாள். ரெண்டு பேர் ஜாக்கெட்டுக்கும் கை சரியாகத்தான் வைத்துக் கொடுத்தாள்.

ஆனால் ஆள் போனதும் ஜன்னல் திரையை இழுத்து விடுவாள். எதிரே வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்தாலே வேவு பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். பாவம், அவர் புகை கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பியிருப்பார். பயந்தவளுக்கு அதெல்லாம் தெரியுமா?

"ஜன்னல் கிட்ட நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் என்ன கொலையா பண்ணிட்டேன், ஒளிஞ்சிக்கிறதுக்கு?"

"பண்ணலைங்க. விசாரணை முடியற வரைக்கும் கொஞ்சம் படுத்தே இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

யோசனை சொன்னது நாத்தனார். ரைட்டுக்கு ஒரே தங்கை, தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வாய் மட்டும் பெரிய டாக்டர் வாய்.

"அண்ணி, கம்பை ஊன்றிக்கிட்டுப் போனா 'நடக்கறாரே'ம்பாங்க. எங்க ஆஸ்பத்திரியில ஒரு சக்கர நாற்காலி சும்மா கிடக்கு. தள்ளிக்கிட்டு வந்துடறேன். அதுல உட்கார்ந்து போனா ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்."

"அவர் அதெல்லாம் உட்கார்றதில்லையேம்மா. பொய்யாயிடாதா?"

"முதுகு உடைஞ்சது பொய்யா? வலி பொய்யா? நாற்காலி மட்டும்தானே கடன்!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. உள்ளது போதாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், உள்ளதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் காட்டலாம் என்று தலையாட்டிவிட்டாள்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில். காலை பத்து மணிக்கே தகர நாற்காலிகள் நிரம்பி, சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். மேடையில் ஒரு அதிகாரி அம்மா, ஒரு டாக்டர், தட்டச்சுக் காகிதங்களோடு ஒரு குமாஸ்தா. ரைட்டின் சக்கர நாற்காலியைப் பக்கவாட்டுக் கதவோரம் நிறுத்திவிட்டு அவளும் நாத்தனாரும் பக்கத்தில் நின்றார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதாக இருந்தது.

முதலில் பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். செருப்புக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"என் தங்கச்சிக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க. மூணு வருஷமா மனு போட்டுக் காத்திருக்கா. கேட்டா இடம் காலி இல்லைங்கறாங்க. ஏன் காலி இல்லை? கையும் காலும் நல்லா இருக்கறவன் உள்ள உட்கார்ந்திருக்கான். நான் யார் சோத்துலயும் மண்ணைப் போட வரலை. என் தங்கச்சிக்கு வழியை விடுங்கன்னு கேக்க வந்தேன்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தையல்காரிக்கு அவர் மேல் கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை. அந்த ஆள் சொல்வது நியாயம் என்று தோன்றியதும் பயம் இன்னும் ஒரு படி ஏறியது.

பிறகு ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் எழுந்தார். "தகுதி இருக்கான்னு பார்க்கறது தப்பில்லைங்க. அதை ஆஸ்பத்திரியில வெச்சுப் பாருங்க. முடியாதவங்களை ஊர் நடுவுல நிறுத்தி, 'முடியலைன்னு காட்டு'ங்கறதா அரசாங்கத்தோட வேலை?" அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் ரெண்டுக்கும் தட்டியதை அவள் பார்த்தாள்.

அப்போதுதான் குமாஸ்தா மைக்கில் திருவாய் மலர்ந்தான். "முப்பதிலிருந்து அறுபது வரைக்கும் பக்கத்து ரூம்ல டோக்கன் வாங்கிக்கணும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள வாங்காதவங்க மனு தள்ளுபடி."

தள்ளுபடி என்ற வார்த்தை போதாதா? மண்டபமே எழுந்து பக்கவாட்டுக் கதவுக்குப் பாய்ந்தது. ஒருத்தர் போகிற அகலம்தான் அந்தக் கதவு. அதற்கு வெளியே மூன்று படி வேறு. ஊன்றுகோல்காரர் ஒருவர் சரிந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கதவு நிலையில் நசுங்கி வீலென்று கத்தினாள். பின்னாலிருந்து இன்னும் தள்ளினார்கள். நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

தையல்காரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் கூட்டம் ஏறும்போது அவர் கண் இப்படித்தான் தலைகளின் மேல் ஓடும்.

"வேண்டாங்க..." என்றாள். தோளை அழுத்தினாள்.

அழுத்திய கையைத் தாண்டி அவர் எழுந்துவிட்டார். கதவுக்கு மேலிருந்த இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்தார். இருபத்திரண்டு வருடக் குரல் மண்டபத்தில் எழுந்தது.

"ஏய், படியில நிக்காதே! இறங்கு, இறங்கு! பின்னாடி யாருய்யா தள்றது? ரெண்டு அடி பின்னால போ! குழந்தையை மேலே தூக்கிக் கொடும்மா, நான் வாங்கிக்கறேன்! இறங்கறவங்களுக்கு வழி விடு, அப்புறம் ஏறலாம்!"

என்ன அதிசயமோ, கூட்டம் கேட்டது. அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய உடம்புகள்தானே எல்லாம்! ரெண்டு அடி பின்னால் போனார்கள். குழந்தை கைமாறிக் கைமாறி வெளியே போயிற்று. விழுந்து கிடந்த ஊன்றுகோல்காரரைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கி நிறுத்தினார் ரைட்டு. கதவு அடைப்பு விலகி மூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மனுஷன் முகத்தில், விபத்துக்குப் பிறகு அவள் பார்த்தே இராத ஒரு சிரிப்பு.

அவள் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காருங்க, உட்காருங்க என்று உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

"ஏங்க, இவர் சக்கர நாற்காலியில வந்தவர்தானே?"

செருப்புக்கடைக்காரர்தான். குரலில் விஷமம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. ஆனால் கைதட்டல் பாதியில் நின்றது. எல்லார் கண்ணும் காலி நாற்காலிக்குப் போய், அங்கிருந்து நிற்கிறவருக்கு வந்தது. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"எத்தனாவது நம்பர் அவர்?" என்று மேடையிலிருந்து அதிகாரி அம்மா கேட்டார். குமாஸ்தா சொன்னான். "வரச் சொல்லுங்க. நாற்காலி வேண்டாம். இப்ப நின்னாரே, நடந்தே வரட்டும்."

"அம்மா, அவருக்கு எப்பவாவதுதான் இப்படி... ஊசி போட்டு நாலு நாள்தான்..." தையல்காரி மேடையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நீங்க பேசாதீங்கம்மா. நாற்காலியில அழைச்சிட்டு வந்தது நீங்கதானே? அவர் வரட்டும்." அந்த அம்மாவும் ராட்சசி இல்லை. ஒரு மாதமாக ஊர் ஊராகப் போய் இதே மாதிரிக் கதைகளைக் கேட்டுக் களைத்துப்போனவர்.

ரைட்டு நடந்தார். கம்பை வீட்டில் விட்டுவிட்டு வரச்சொன்னதும் அவள்தான். அவருக்கு ஒரு அடி பின்னால் அவளும் நடந்தாள். நின்றுவிட்டு நடந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதலில் இடது முழங்கால் நடுங்கும். உடனே அவர் திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டுவார், அவள் தோளைக் கொடுப்பாள். குளியலறை வாசலில் தினமும் நடப்பதுதான், சோறு பிசைகிற மாதிரி யோசிக்காமல் நடப்பது.

மேடைக்கு நாலு படி. மூன்றாவது படியில் முழங்கால் நடுங்கியது.

அவள் தோள் முன்னால் போனது. போன தோள் பாதியில் நின்றது. தாங்கிப் பிடித்தால், 'நல்லா நடிக்கிறாங்க புருஷனும் பொண்டாட்டியும்' என்பார்கள். அட்டை போகும். ஊசி போகும். வாயில் துண்டு. விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். டாக்டர் பார்ப்பார்.

அவர் கையைப் பின்னால் நீட்டினார். அவள் ஒரு படி பின்வாங்கினாள்.

வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்தார். நெற்றி மேடை விளிம்பில் மோதிய சத்தம் மைக்கில் கேட்டது. வேட்டி நனைந்து, ஈரம் படியில் இறங்கியது. டாக்டர் ஓடி வந்தார். நாத்தனார் "ஐயோ அண்ணா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பெண்டாட்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அதிகாரி அம்மாவின் பேனா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசைந்தது. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, மேலே ஏதோ சொன்னார். "தொடரலாம்" என்றார் அதிகாரி அம்மா. "ஆறு மாசம் கழிச்சு மறு விசாரணை."

தூக்கிக் கொண்டுபோக செருப்புக்கடைக்காரரும் ஒரு காலைப் பிடித்தார். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "மன்னிச்சிடுங்கக்கா. நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். பாவம், அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தான் செய்ததற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தப்பிச்சோம் அண்ணி!" என்று வழியெல்லாம் நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தாள். "கடவுளாப் பார்த்து அந்த நேரத்துல விழ வெச்சார்!"

வீட்டில் வேட்டி மாற்றி, நெற்றிக் கட்டைச் சரிசெய்து, படுக்கவைத்தாள். நாத்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சாயங்கால வெயில் திரையில் விழுந்திருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ பின்னாடிதானே வந்தே?"

"ஆமாங்க."

"தோள் எட்டலையா?"

எட்டவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கூட்டம், படி, பதற்றம், யார்தான் நம்ப மாட்டார்கள்? அவள் வாயைத் திறந்தாள். ஒரு வருஷத்துக்குப் போதுமான பொய்யை இந்த ஒரு வாரத்தில் சொல்லியிருந்தாள். இதற்கு மேல் வரவில்லை.

"எட்டிச்சுங்க," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். கத்துவார், கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்று காத்திருந்தாள்.

அவர் நெற்றிக் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆறு மாசம் கழிச்சும் நான் விழணுமா?"

கோபம் துளியும் இல்லை. எந்தப் பக்கமாக விழுந்தால் அடி குறைவாகப் படும் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்ட குரலில் கேட்டார்.