கோழிக்கூட்டுத் தரையின் ருசி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ் றக்வானைக்கு இறங்கிப்போன சத்தம் அடங்கியதும், பெக்டரியில் தேயிலையை ருசித்துத் தரம் பார்க்கும் டீமேக்கர் வந்தார். கையில் கேத்தல், கரண்டி, வெள்ளைக் கோப்பைகள். துப்புவதற்கு ஒரு வாளி.

அழகமுத்து சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு கோழிக்கூட்டின் முன்னால் நின்றான். தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை சலிக்கிறவன். திருட்டு என்று முடிவானால் இன்றைக்கே வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். இரண்டுக்கும் இப்போது கூட்டின் தரைதான் சாட்சி.

எல்லாம் மழையால் வந்தது. மண் தரை சேறாகிக் கோழிகளுக்குக் கால் வீங்கியது. கொடகவெல மர ஆலையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து போட்டான். பச்சைத் தூள். பூஞ்சணம் பிடித்துக் கோழிகள் இருமின. உமி போட்டான். கோழிகள் கிளறிக் காற்றில் விட்டன. அது பக்கத்துக் காம்பிரா மூக்கையாவின் சோற்றில் விழுந்தது. மூக்கையா அதன்பிறகு பேசுவதில்லை. அடுத்துப் போட்ட தென்னந் தும்புத்தூள் ஈரத்தைக் குடித்துக் குடித்து, தேத்தண்ணியில் ஊறிய பாண் போல உப்பிக் கிடந்தது.

"உமியவே போட்டு சுத்திச் சாக்கு கட்டுங்கன்னு சொன்னேன்" என்றாள் வெள்ளையம்மா வாசலிலிருந்து. "பொண்டாட்டி சொன்னா காதுல ஏறாது."

அப்போது அவன் அதைக் கேட்காமல் பெக்டரிக்குப் பின்னால் போனான். அங்கே உரத்துக்கென்று கழிவுத் தேயிலையைக் கொட்டிவைத்திருந்தார்கள். காய்ந்தது, லேசானது. இரண்டு மூட்டை அள்ளி வந்தான். கோழிகளுக்குக் கால் ஆறியது. கூடு மணக்கத் தொடங்கியது. மணம் பாதை வரை போனது. பாதையில்தான் டீமேக்கரின் மோட்டார் சைக்கிள் போகும்.

"இது கழிவு மணமில்ல" என்றார் டீமேக்கர், இப்போது கூட்டுக்குள் குனிந்து. "நல்ல தூள். நீ திருடியிருக்கே."

"குப்பைங்க ஐயா. சத்தியமா குப்பை."

"வாயில வெச்சா தெரிஞ்சிரும்."

"ஐயா, கோழி எல்லாத்தையும் அதுலதாங்க செய்யும்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "சாம்பிள்னா எல்லா மூலையிலயும் எடுக்கணும்."

எல்லா மூலையிலும் எடுத்தார். கோழிகள் அடையும் கம்புக்கு நேர் கீழேயும் எடுத்தார். கூட்டின் தகரக் கூரைமேல் கோப்பைகளை வரிசையாக வைத்தார். கொதிநீர் ஊற்றி, மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அழகமுத்து கண்ணை மூடினான். ருசி கெட்டிருக்க வேண்டும், வாயில் வைக்க முடியாதபடி கெட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோழி எச்சத்தை நம்பி நின்றான்.

டீமேக்கர் கரண்டியால் அள்ளி உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்குச் சேவல் திடுக்கிட்டுக் கூவியது. வாளியில் துப்பினார். அடுத்த கோப்பை. துப்பினார். கடைசிக் கோப்பை கம்புக்குக் கீழே எடுத்தது. அதை உறிஞ்சித் துப்பியவர், கூட்டருகே கவிழ்த்திருந்த பழைய பெயின்ட் வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வருஷம் நம்ம பெக்டரில இப்பிடி ஒரு தூள் வரல்ல" என்றார்.

அழகமுத்து கண்ணைத் திறந்தான்.

"அப்ப திருட்டுன்னு எழுதுவீங்களா ஐயா?"

"எங்ககிட்ட இல்லாதத நீ எப்பிடித் திருடுவே?"

"அப்ப குப்பைன்னு எழுதுங்க."

"இதையா? குப்பைன்னா?" டீமேக்கருக்குக் கோபம் வந்தது. பிறகு கோழிகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதுக என்ன செய்யுது?"

"கிளறுதுங்க. மெதிக்குதுங்க. அப்பறம்..."

"அப்பறம் உள்ளத சொல்லாதே."

எழுந்து கூட்டை ஒருமுறை சுற்றி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இதுகள பெக்டரிக்குக் கொண்டு வா. தோட்டத்துத் தொரைகிட்ட நான் பேசிக்கிறேன். சேவலும் வேணுமா?"

"அது ஒண்ணும் செய்யாதுங்க ஐயா. சும்மா நின்னு சத்தம் போடும்."

"அப்ப அதுதான் கங்காணி. சரி, அதையும் கொண்டு வா."

வெள்ளையம்மா வாசலை விட்டு இறங்கி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். டீமேக்கர் கடைசிக் கோப்பையிலிருந்து இன்னொரு வாய் எடுத்தார். இந்த முறை துப்பவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கு வேலை கெடச்சது சந்தோசங்க ஐயா" என்றாள் வெள்ளையம்மா. "இந்த மனுசனுக்கு வேலை இருக்கா, இல்லையா?"