கரையாத சோப்பு

போதும் சார் வீட்டில் ஒரே ஒரு குளியல் சோப்பு பதினோரு வருடம் கரையாமல் இருந்தது. கல்யாணமாகி அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த வாரம் வாங்கியது. கணவன், மனைவி, பிறகு பிறந்த மகள் என்று மூன்று பேரும் தினமும் அதைத்தான் தேய்த்துக் குளித்தார்கள். நுரை வந்தது, வாசனை வந்தது, ஆனால் சோப்பின்மேல் அச்சடித்திருந்த பூ மட்டும் அழியவே இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை காலரில்கூட மங்கவில்லை. துடைப்பம் ஒரு குச்சியைக்கூட உதிர்க்கவில்லை. வாணலியின் அடி மெலியவில்லை, குடைத்துணி ஒழுகவில்லை, மகளின் பள்ளிச் செருப்பு அவள் காலோடு சேர்ந்து தானும் வளர்ந்துகொண்டு வந்தது. முதல் ஒன்றிரண்டு வருடம் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. சிலர் வீட்டில் காற்று நன்றாக வரும், சிலர் வீட்டில் தண்ணீர் நன்றாக வரும், போதும் சார் வீட்டில் பொருள் தேயாது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெயர் அவருக்கு பஸ் பணிமனையில் வைத்தது. அங்கே உதிரி பாகக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. கம்பிவலை போட்ட ஜன்னல், அதன் கீழே தகரம் அடித்த மேசை, அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் அலமாரிகள். எந்த மெக்கானிக்காக இருந்தாலும் தேய்ந்துபோன பாகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் புதியதை வாங்க முடியும். அவர் பழையதை எடுத்து கிரீஸைத் துடைத்து, ஓரத்தில் பெருவிரலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். கண்ணைக்கூட லேசாக மூடிக்கொள்வார். பிறகு, "இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். முக்கால்வாசிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு பழையதோடுதான் திரும்புவார்கள். அவருக்குக் கொடுத்த சம்பளம் கொசுறு மாதிரி. இன்னும் பெரிய பொறுப்பு தருகிறோம் என்று கூப்பிட்டபோதும், "இது போதும் சார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். வருகிற வழியிலேயே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படியேறுவார். மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பஸ்காரர்கள் கதையெல்லாம் நடித்துக் காட்டி மகளைச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பில் மனைவியும் சேர்ந்துகொண்டாள் என்பதை மறைக்கக் கூடாது. அவளுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இத்தனைக்கும் அவளிடம்தான் எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

தேய்மானம் என்பது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். செருப்பில் தேயாதது முதலில் அவள் குதிகாலில் தேய்ந்தது. குதிகால் வெடிப்பது யாருக்கும் உள்ளதுதான் என்று அவள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வருடம், கல்யாணச் சட்டை முழங்கையில் கிழிந்திருக்க வேண்டிய சமயத்தில், அவளுடைய இரண்டு முழங்கையும் பளபளத்து மெலிந்து பிசிறு அடித்தது. அதை முதலில் பார்த்தது கீழ்வீட்டுத் தையற்கார அக்கா. அளவெடுக்கப் பிடித்த கையை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, நூல் நூலா வருது? இழுக்காத, இழுத்தா நெடுகப் பிரிஞ்சிரும்" என்று சொல்லி, துணியை வெட்டுவதுபோலவே கத்தரியால் ஓரத்தை நறுக்கிவிட்டாள். வலிக்கவில்லை. மழை பெய்கிற நாளில் குடை ஒழுகாது, அவள் உச்சந்தலைக்குள் சில்லென்று ஈரம் இறங்கும். இரண்டு நாள் தும்முவாள். துடைப்பம் உதிர்க்காத குச்சிகளுக்குப் பதில் அவளுக்கு முடி உதிர்ந்தது. வாணலி ஓட்டை விழ வேண்டிய வருடத்தில் அவள் இடது உள்ளங்கையில் ஓட்டை விழுந்தது. முதலில் பட்டாணி அளவு. பிறகு பட்டன் அளவு. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை, சுத்தமான ஓட்டை. பாத்திரம் கழுவும்போது அதன் வழியாகக் குழாய் தெரியும்.

ஒரு நாள் அவரிடம் காட்டினாள். அவர் கையை வாங்கிப் பார்த்து, அன்பாகத் தடவிக் கொடுத்து, "எல்லாருக்கும் வயசாகுதும்மா, எனக்குந்தான் முதுகு புடிக்குது" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது? குடும்பம் ஓடுகிறது, மகள் சிரிக்கிறாள், யாரிடமும் கையேந்தவில்லை. உள்ளங்கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அவள் பேசாமல் இருந்ததற்குப் பெருந்தன்மை என்று ஊரில் பெயர் உண்டு. கீழ்வீட்டு அக்கா மட்டும் வேறு பெயர் சொல்வாள், அதை இங்கே எழுத முடியாது.

பணிமனை மேலாளருக்கு போதும் சார் ஒரு புதையல். சம்பளம் பத்தவில்லை என்று தொழிலாளிகள் கூடி நிற்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றிவிடுவார். "இதே சம்பளம்தான் இவருக்கும். இவர் வீட்டைப் போய்ப் பாருங்க!" என்பார். போதும் சாரும் கூச்சத்தோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேண்டும் வேண்டும் என்று நினைத்தால் எல்லாம் தேயும், போதும் என்று நினைத்தால் எல்லாம் நிலைக்கும் என்று பேசுவார். மனதாரத்தான் பேசுவார், அதுதான் கொடுமை. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மனைவிமாரிடம் பழைய சட்டையைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போதும் சாரின் மனைவியையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேலாளரின் மனைவி பக்கத்தில் வந்து, "சந்தோஷமா இருக்கீங்க, பாக்கவே நல்லாருக்கு. என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள். அவள் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் கைதட்டினாள். ஓட்டை இருந்ததால் அவள் தட்டியதில் மட்டும் சத்தம் வரவில்லை.

இப்படியே போயிருக்கும். அவள் தன்னால் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று யோசித்து வைத்திருந்தாள். மகள் படித்து வேலைக்குப் போகிற வரைக்கும் தாங்கிவிடலாம் என்பது அவள் நினைப்பு. ஆனால் ஒரு காலையில் பள்ளிக்கு அனுப்ப மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பில் ஏதோ சிக்கியது. முடி என்று நினைத்து எடுக்கப் போனாள். முடி இல்லை. மகளின் வலது காதின் ஓரம் பிசிறு அடித்திருந்தது. சிறிய நூல்தான், ஆனால் இழுத்தால் வரும்போல் இருந்தது.

"எப்பலேர்ந்துடி இது?"

"ரொம்ப நாளாம்மா. வலிக்கல" என்றாள் மகள். அம்மாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோல், "உனக்கும் இருக்குல்ல? வளந்தா எல்லாருக்கும் வரும்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, மகளைப் படியிறக்கி அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றாள். தன்னிடம் தேய இனி அதிகம் மிச்சமில்லை, அதனால் அடுத்த ஆளைத் தேடிப் போயிருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பிறகு வந்தது கோபம். இத்தனை வருடமும் வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்ததால் கதவைப் பூட்டக்கூட மறந்து நடந்தாள்.

பணிமனைக்கு அவள் அதற்குமுன் தனியாக வந்ததில்லை. கிடங்கு ஜன்னலில் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பழைய பாகத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் வரிசையில் நின்றாள். முன்னால் விடுகிறோம் என்று சொன்னவர்களிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் முறை வந்ததும் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையை மேலே காட்டித் தகர மேசைமேல் வைத்தாள்.

"பழசு கொண்டுவந்திருக்கேங்க" என்றாள்.

அவர் முதலில் சிரித்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தார். ஆனால் மேசைமேல் எதை வைத்தாலும் அவருடைய கை தானாகப் போய்விடும், அது பழக்கம். பக்கத்தில் கிடந்த கந்தல் துணியால் அவள் உள்ளங்கையைத் துடைத்தார். ஓட்டையின் ஓரத்தில் பெருவிரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். கண் லேசாக மூடியது.

"இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார்.

வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். வேண்டுமென்றே சொன்ன வார்த்தை இல்லை அது, வாயில் ஊறிப்போன வார்த்தை. சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் வெளுத்துப்போய்க் கையை எடுத்தார்.

"பாப்பாவுக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க" என்றாள் அவள்.

அவர் கம்பிவலை வழியாக அவளைப் பார்த்தார், பின்னால் காத்திருந்தவர்களைப் பார்த்தார். "வீட்ல பேசிக்கலாம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி.

அவள் துணியைத் திரும்பச் சுற்றவில்லை. அங்கிருந்து நேராகத் தெருமுனைக் கடைக்குப் போய், அந்த வார வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததில் ஒரு புதிய சோப்பு வாங்கினாள். கடைக்காரர் ஆச்சரியப்பட்டு, "உங்க வீட்டுக்கா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்குத்தான்" என்றாள். வீட்டுக்கு வந்து காகிதத்தைக் கிழித்து, குழாயடியில் நின்று, இரண்டு கையிலும் நுரை வழிய வழியத் தேய்த்தாள். தண்ணீர் பட்டதும் அதன்மேல் இருந்த பூ அழிந்தது. அழிவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் தேய்த்தாள்.

பதினோரு வருடமும் ஒரே மதியத்தில் வந்து சேர்ந்தது. பழைய சோப்பு கிண்ணத்திலேயே கூழாகி வழிந்தது. துடைப்பம் மூலையில் சாய்ந்தபடியே குச்சி குச்சியாக உதிர்ந்தது. வாணலியில் தண்ணீர் நிற்கவில்லை. மகள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் செருப்பு இரண்டும் பிய்ந்து, வெறுங்காலோடு வீடு வந்தாள். பணிமனையில் போதும் சார் ஒரு பெட்டியை இறக்கக் கை தூக்கியபோது கல்யாணச் சட்டை இரண்டு முழங்கையிலும் கிழிந்து, முதுகில் நெடுக விட்டுப்போனது. மெக்கானிக் ஒருவன் தன் அழுக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினான். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவள் மகளின் காதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் வழுவழுவென்று இருந்தது. பிசிறு இல்லை. தன் உள்ளங்கையையும் பார்த்தாள். ஓட்டை அப்படியே இருந்தது. தேய்ந்த இரும்பு திரும்ப வளராது என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அந்த வீட்டில் மற்ற வீடுகளைப்போலவே எல்லாம் தீர்ந்தது, கிழிந்தது, உடைந்தது. சம்பளம் மாதக் கடைசி வரை தாங்கவில்லை. போதும் சார் முதல்முறையாக மேலாளர் அறைக்குப் போய்ச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொன்னார். "நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?" என்று மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார், ஆனால் கூட்டித் தரவில்லை. அவரை மேடையில் ஏற்றுவதும் நின்றுபோனது. படியேறும்போது பாட்டு நின்றது. அமைதியாக வாழ்ந்த குடும்பம், ஒரு சோப்பு வாங்கிக் கெடுத்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அவள் காதுபடவே பேசினார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அவர், "முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொன்னேங்க" என்றாள். அதற்குப்பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கிடங்கிலிருந்து ஒரு சிறிய பித்தளை வளையத்தைக் கொண்டுவந்து கூச்சத்தோடு நீட்டினார். அளவு கச்சிதம், உள்ளங்கை ஓட்டையில் அப்படியே பொருந்தியது. பழைய வளையம்தான். அவள் அதை வாங்கி ஜன்னல்மேல் வைத்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஓட்டையில் இப்போது வீட்டுச் சாவியைக் கயிறு கோத்துத் தொங்க விட்டிருக்கிறாள். தொலையாது, வசதியாக இருக்கிறது என்கிறாள். அவள் கடைக்கு வரும்போது சாவி ஆடும் சத்தம் கேட்கும். கடைக்காரர் கேட்காமலே ஒரு சோப்பை எடுத்து வைத்துவிடுவார். போன வாரம் மகளின் புதிய செருப்பு குதிகால் பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. அவள் அதைக் கழற்றச் சொல்லி வாங்கி, தேய்ந்த ஓரத்தில் பெருவிரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத் தேய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இது போதும், தூக்கிப் போடு" என்றாள் மகளிடம். "வேற வாங்கலாம்."