செண்பகத்துக்கு நிற்காத வண்டி

வண்டி முழங்காலுக்குக் கீழே இடித்தபோது செண்பகத்துக்கு வலியைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. காலை பதினொரு மணி. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளுத்த படுக்கை விரிப்புகளை ஏற்றிவந்த அந்த ஆளில்லாத வண்டி இடித்த பிறகும் நிற்கவில்லை. சக்கரம் தரையில் வழுக்கிச் சுழல, அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவள் சுவரோரம் ஒதுங்கியதும், தனக்கு வழிகாட்டத் தரையில் ஒட்டியிருந்த கருப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டது.

அந்த வண்டியைச் செய்தவன் முஜீப், பழவேற்காட்டுக்காரன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பார்த்துவந்த எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டு, பழைய கார் வைப்பர் மோட்டாரையும் ஸ்கூட்டர் பேட்டரியையும் வைத்து ஆறு மாதத்தில் கட்டியிருந்தான். வெளிநாட்டு வண்டியெல்லாம் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது, இது ஆகும். முன்பக்கம் ஆளை உணர இரண்டு சென்சார் கண்கள். எதிரே யாராவது நின்றால் வண்டி நிற்கும். அவன் மனைவி ஹஸ்னாவின் குரலில், "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்கும். விலகினால் நகரும். டாக்டருக்கு நின்றது, நர்ஸ் ஏஞ்சலினுக்கு நின்றது, வராந்தாவுக்குள் நுழைந்த நாய்க்குக்கூட நின்றது.

சோதனைக்காக அது வந்து மூன்று வாரம் ஆகிறது. செண்பகத்தோடு ஒன்பது வருஷம் தள்ளுவண்டி தள்ளிய பூவம்மாளை, வண்டி வந்த அன்றைக்கே வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது பெரியபாளையம் கோயில் வாசலில் பூ விற்கிறாள் என்று கேள்வி. வண்டியில் சாமான் ஏற்றி இறக்கச் செண்பகம் ஒருத்தி போதும்.

முஜீப் ஓடிப்போய் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, குனிந்து அதன் கண்களைத் துடைத்தான். தன் கையை நீட்டினான், நின்றது. அவளை நிற்கச் சொன்னான், வந்து இடித்தது.

"உன் பொடவ கருநீலம்க்கா. இருட்டு கலரு வெளிச்சத்த முழுங்கிடும். அதான் கண்ணுக்குத் தெரியல."

"ஏஞ்சலினும் நேத்து கருநீல சொட்டர் போட்டுக்கினுதான் வந்துச்சி. அதுக்கு நின்னுச்சே, தம்பி?"

துவைத்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து அவள்மேல் சுற்றினான். கழுத்திலிருந்து பாதம்வரை வெள்ளையாக, பிணத்தைப் போல, அவள் வராந்தாவின் நடுவில் நின்றாள். வண்டி வந்தது. வேகம் குறையாமல் வந்தது. கடைசி நொடியில் முஜீப் நடுவில் காலை வைத்தான். உடனே நின்று, "கொஞ்சம் வழி விடுங்க" என்றது.

அன்று பிற்பகல் துடைப்பத்தோடு பெஞ்சுகளுக்கு அடியில் கூட்டும்போது செண்பகம் கவனித்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். இது எப்போதும் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் பாதியில் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். கழிப்பறைக் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்தாள். இருந்தது. தொட்டும் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது முஜீப் வாசலில் காத்திருந்தான்.

"வெள்ளிக்கெழம டாக்டரு இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரிக்காரங்கள இட்டுக்கினு வராரு. அன்னிக்கு மட்டும் நீ அது முன்னால வராதக்கா. இருந்த வேலயயும் உட்டுட்டேன். ஹஸ்னாவுக்கு இது எட்டாம் மாசம்."

"பூவம்மாவுக்கு ஊட்ல யாரு கீறாங்கன்னு தெரியுமா ஒனக்கு? எழுந்து ஒக்கார முடியாத புருசன்."

அவன் வாசலைவிட்டு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை தன் ஊரான ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியபோதே அவள் முடிவு செய்திருந்தாள். எல்லாரும் பார்க்க அது தன்னை இடிக்கட்டும். ஆள்மேல் ஏறுகிற வண்டியை எந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள்? பூவம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். இதைவிட ஆழத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒருமுறையாவது அது தனக்காக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

டாக்டரும் விருந்தினர்களும் ஆண்கள் வார்டு வாசலில் நின்றார்கள். சலைன் பெட்டிகளோடு வண்டி புறப்பட்டது. செண்பகம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கருப்பு டேப்பின்மேல் போய் நின்றாள். முஜீப்பின் முகம் வெளிறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மோட்டார் சத்தம் நெருங்கி, நின்றது.

"கொஞ்சம் வழி விடுங்க."

கண்ணைத் திறந்தாள். ஒரு முழம் தள்ளி வண்டி நின்றிருந்தது. விருந்தினர்கள் கை தட்டினார்கள். "பாத்தீங்களா, ஆள் மேல படவே படாது" என்றார் டாக்டர். பூவம்மாளுக்கான கதவு மூடிவிட்டது என்று தெரிந்தும், செண்பகத்தின் கண் நிறைந்தது. மெல்ல ஒதுங்கி வழிவிட்டாள்.

வண்டி நகரவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றது, வெறும் தரையைப் பார்த்து. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது. முஜீப் வந்து அதன் கண்களைத் துடைத்தான். சுவிட்சை அணைத்து மறுபடி போட்டான். மீண்டும் அதே குரல். "பேட்டரி எறங்கிருக்கும், அப்பறம் பாக்கலாம்" என்று டாக்டர் விருந்தினர்களை அறைக்குள் அழைத்துப் போனார். முஜீப் வண்டியைப் பார்க்கவில்லை. அதன் எதிரே இருந்த காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீ எங்க நின்ன?" என்று கேட்டான், தாழ்ந்த குரலில்.

"அந்தாண்ட. டேப்பு மேலதான்."

"நீ ஒதுங்கியும் கேக்குதே. அப்ப அது நின்னது உனக்கில்லக்கா."

அப்போது வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஏஞ்சலின் ஊசி மருந்துத் தட்டோடு வேகமாக வந்தாள். செண்பகத்தின் தோளில் இடித்தாள். திரும்பிப் பார்க்காமலே போனாள். வண்டிக்கு எதிரே வந்ததும் அவள் நடை தானாகத் தளர்ந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் முதுகு உரச ஒதுங்கி, அந்த வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கில் லேசாகத் தலையசைத்துச் சிரித்தாள், தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல.